அரைச்சாண் நாடாவில் அக்காவின் சிரிப்பு: புது கேசட் பிளேயர், மூன்று மாத அனுபவம்

புதிதாக ஒரு கேசட் பிளேயர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஹெட்போன் மாட்டிக் கேட்கிற வகை. பழைய வாக்மேனில் செய்த மாதிரியே மூடியைத் திறந்து கேசட்டைச் செருகி, மூடி, கட்டை விரலால் பொத்தானை அழுத்த வேண்டும். சார்ஜ் செய்துகொள்கிற பேட்டரி உள்ளேயே இருக்கிறது, ப்ளூடூத்தும் உண்டு. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய கேசட்டுகள் இருந்தால், அதிலும் நீங்களோ வீட்டில் வேறு யாரோ கையால் பதிவு செய்தவை இருந்தால், வாங்குங்கள், கொஞ்சம் மெனக்கெடவும் தயாராக இருங்கள். கேசட்டே இல்லை, பாட்டு கேட்டால் போதும் என்றால் இது வேண்டாம், கைப்பேசியே நன்றாகப் பாடும்.

என்னிடம் 41 கேசட்டுகள் இருக்கின்றன. பதினேழு கடையில் வாங்கியவை, மீதி எல்லாம் நானும் அக்காவும் பதிவு செய்தவை. ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, வீடு மாறும்போதெல்லாம் கூடவே எடுத்துக்கொண்டு போனேனே தவிர, கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக இருந்த டேப் ரெக்கார்டர் பெல்ட் அறுந்து, பிறகு மோட்டாரும் நின்று, அதோடு போயிற்று. பெட்டி மட்டும் இருந்தது. போன வருடம் அம்மா வீட்டை ஒழிக்கும்போது அக்கா தொலைபேசியில் கேட்டாள், "டேய், அந்த கேசட் எல்லாம் உன்கிட்டதானே இருக்கு? தூக்கிப் போட்டுடலையே?" அந்தக் கேள்வியில் இருந்த பதற்றம்தான் என்னை இந்தக் கருவியைத் தேட வைத்தது.

பிராண்டின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் இப்போது புதிதாக வருகிற கேசட் பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது ஏறக்குறைய ஒரே இயந்திரம்தான். டனாஷின் என்ற ஜப்பானிய நிறுவனம் முன்பு வடிவமைத்த ஒரு மலிவான இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல்கள் அவை. வெளிப்பெட்டி, நிறம், பேட்டரி, ப்ளூடூத் இதெல்லாம் மாறும், நாடாவை இழுக்கிற பகுதி மாறுவது அபூர்வம். நல்ல இயந்திரம் செய்துகொண்டிருந்தவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். சோனியே 2010ல் ஜப்பானில் கேசட் வாக்மேன் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதனால் நான் இங்கே சொல்கிற குறை நிறைகளில் பாதிக்கு மேல் நீங்கள் எதை வாங்கினாலும் பொருந்தும்.

முதல் நாள் பெட்டியைப் பிரித்ததும் நான் போட்டது அக்காவின் கையெழுத்தில் 'நம்பர் 7' என்று எழுதியிருந்த கேசட். போட்டதும் பாட்டு வந்தது, இரண்டு காதிலும் வந்தது, ஹெட்போனில் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் வந்தது. ஆனால் என்னவோ சரியில்லை. பாட்டு கொஞ்சம் அவசரமாக ஓடுகிற மாதிரி, பாடகர் கொஞ்சம் இளைத்துவிட்ட மாதிரி. இத்தனை வருடம் கழித்துக் கேட்பதால் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு பாட்டு தாண்டி அக்காவின் குரல் வந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது. பதினான்கு வயதில் அவளுக்கு இப்படிக் கீச்சுக் குரல் இருந்ததே இல்லை, இருந்திருந்தால் வீட்டில் யாராவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். குரல் மாறவில்லை, கருவிதான் வேகமாக ஓடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

சரி பார்ப்பது சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடையில் வாங்கிய கேசட் ஒன்றை எடுத்து, அதில் உள்ள பாட்டையே கைப்பேசியிலும் போட்டு, இரண்டுக்கும் நேரம் குறித்துப் பார்த்தேன். கைப்பேசியில் 4 நிமிடம் 30 வினாடி ஓடிய பாட்டு, இந்தக் கருவியில் 4 நிமிடம் 20 வினாடியில் முடிந்துவிட்டது. ஏறக்குறைய 4 சதவீதம் வேகம். ஒரு சுரத்தானம், அதாவது ஒரு சுரத்திலிருந்து அதற்கு அடுத்த மிகச் சிறிய படி, முழுதாக மேலே ஏற 6 சதவீதம் வேண்டும், அதில் பாதிக்கு மேல் இங்கேயே ஏறிவிட்டது. சுருதி ஞானம் இல்லாதவர்கள்கூட தெரிந்த குரலில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் பதிவு செய்த கேசட்டை வைத்து மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அன்றைக்குப் பதிவு செய்த கருவியே தப்பான வேகத்தில் ஓடியிருக்கலாம். எங்கள் 'நம்பர் 12' அப்படித்தான். பேட்டரி போட்டுப் பதிவு செய்தது, பாதியில் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகியிருக்கிறது, அதனால் இப்போது போட்டால் பி பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் போகப் போக வேகம் பிடிக்கிறது. அதை எந்தக் கருவியாலும் சரி செய்ய முடியாது. எனக்கு அதைச் சரி செய்யவும் வேண்டாம்.

விற்றவர்களிடம் கேட்டதற்கு "எல்லாமே அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருள் பாட்டைத் தப்பாகப் பாடினால் வாங்கியவரா பழகிக்கொள்ள வேண்டும்? மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் மாற்றி வந்ததும் 3 சதவீதம் வேகம்தான். கடைசியில் நானே திறந்தேன். பின்பக்கம் நான்கு திருகு, உள்ளே சின்ன வட்டமான மோட்டார், அதன் முதுகில் ஊசித்துளை போல ஒரு துளை. அந்தத் துளைக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு குட்டித் திருகு இருக்கிறது. மிகச் சின்ன திருப்புளியை உள்ளே விட்டு ஒரு மயிரிழை திருப்பினால் போதும், அதற்கு மேல் திருப்பினால் பாடகர் தூங்கிவிடுவார். திருப்பு, கேள், நேரம் பார், மறுபடி திருப்பு. ஒரு மாலை முழுக்க ஆயிற்று. கருவியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பிளேயரிலும் அந்தத் துளை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

வேகம் சரியானதும் 'நம்பர் 7' மறுபடி போட்டேன். அன்றைக்குத்தான் அக்கா அக்காவாகப் பேசினாள்.

அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் இந்த விமர்சனம் எதைப் பற்றியது என்று புரியும். எங்களிடம் இருந்த டேப் ரெக்கார்டரில் வானொலியும் சேர்ந்தே இருந்தது. வானொலியிலிருந்து பதிவு செய்தால் சத்தம் உள்ளுக்குள்ளேயே போய்விடும், பாட்டு சுத்தமாக விழும். தொலைக்காட்சியில் வருவதைப் பதிவு செய்ய அந்த வசதி இல்லை. அதற்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் தொலைக்காட்சிப் பெட்டியின் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்து, பிளேயையும் ரெக்கார்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, வீடே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கருவியின் மூலையில் இருக்கிற சின்ன மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். 'நம்பர் 7' முழுக்க அப்படிப் பதிவு செய்ததுதான்: வாராவாரம் நாங்கள் பார்த்த தொடர்களின் தலைப்பு இசை, ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூனின் ஆரம்பப் பாட்டு, இரண்டு மூன்று விளம்பரங்கள், நடுநடுவே சினிமாப் பாட்டு. கார்ட்டூன் பாட்டின் நடுவில் கதவு சாத்துகிற சத்தம். பிறகு அக்காவின் கிசுகிசுப்பு, "டேய், அசையாதே." பிறகு நான் ஏதோ செய்திருக்கிறேன், என்ன என்று தெரியவில்லை, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறாள். இரண்டரை வினாடி இருக்கும்.

கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். பிலிப்ஸ் நிறுவனம் 1963ல் பெர்லின் கண்காட்சியில் முதன்முதலில் இந்தக் கேசட்டைக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க அதே வேகம்தான். அப்படியென்றால் அந்தச் சிரிப்பு இருக்கிற நாடாவின் நீளம் 12 சென்டிமீட்டர், அரைச்சாணை விடக் கொஞ்சம் கூட. அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 90 நிமிடம் ஓடுகிற ஒரு சி-90 கேசட்டுக்குள் 128 மீட்டருக்கு மேல் நாடா சுற்றியிருக்கிறது, அதில் அரைச்சாண் நீளத்துக்கு அக்கா சிரிக்கிறாள். நாடாவை வெளியே இழுத்துப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே பழுப்பு நிறம், எங்கே பாட்டு, எங்கே சிரிப்பு என்று கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் எனக்கும் கைப்பேசிக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தத் தலைப்பு இசைகளும் பாட்டுகளும் அநேகமாக எல்லாமே இப்போது இணையத்தில் கிடைக்கின்றன, இதைவிடத் தெளிவாகக் கிடைக்கின்றன. தேடிக் கேட்டேன். நன்றாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ என்னைப் பற்றிச் சொன்ன ஒரு தகவலைக் கேட்ட மாதிரியும் இருந்தது. கதவு சாத்தவில்லையே. பாட்டு முழுதாகத் தொடங்கி முழுதாக முடிகிறது. என் மனதில் இருக்கிற பாட்டோ முதல் சொல் போய் இரண்டாவது சொல்லில்தான் தொடங்கும், ஏனென்றால் அறிவிப்பாளர் பேசி முடித்தாரா என்று காத்திருந்து இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவதற்குள் முதல் சொல் ஓடிவிட்டிருக்கும். அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் முதல் சொல் எனக்கு இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று வரிசை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் இருக்கிற அந்த இடைவெளியில் அடுத்த பாட்டின் முதல் சுரம் தானாக மனதில் வந்து நிற்கும். எந்தப் படத்துப் பாட்டுக்குப் பிறகு எந்தத் தொடரின் இசை என்பது உலகத்தில் வேறு யாருக்கும் பொருந்தாத வரிசை, அக்காவும் நானும் மட்டும் போட்ட வரிசை. முதல் முறை இந்தப் பிளேயரில் கேட்டபோது இருபது வருட இடைவெளிக்குப் பிறகும் பத்துக்கு எட்டு இடத்தில் அடுத்தது என்ன என்று சரியாகச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட வாய் தானாக முனகியது என்பதுதான் சரி.

கேசட்டில் இதற்குத் துணை போகிற ஓர் இயற்பியல் விஷயமும் இருக்கிறது. நாடா சுருளாகச் சுற்றி இருப்பதால் ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு பல வருடம் ஒட்டிக் கிடக்கும்போது அடுத்த சுற்றிலும் லேசாக ஏறிவிடும். நாடா மெல்லியதாக இருந்தால் இன்னும் அதிகம் ஏறும், சி-90 நாடா சி-60ஐ விட மெல்லியது. இதனால் என்ன ஆகும் என்றால், பாட்டு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வினாடி முன்பே, அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பாட்டின் தொடக்கம் ரொம்பத் தூரத்தில் கேட்கிற மாதிரி ஒரு முறை கேட்கும். நல்ல ஹெட்போனில், சத்தத்தைக் கூட்டி வைத்து, கவனமாகக் கேட்டால்தான் தெரியும். பதிவுத் துறையில் இருப்பவர்களுக்கு இது ஒரு குறை. எனக்கு, மனதில் வருகிற சுரமும் நாடாவில் வருகிற அந்தத் தூரத்துச் சுரமும் ஒரே நேரத்தில் வந்தபோது, கொஞ்ச நேரம் கருவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் இந்த வயதுப் பாட்டுகள் மட்டும் இப்படிப் பிடித்து ஆட்டுகின்றன என்பதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற காலங்களை விட அதிகமாக வரும், அதை 'ரெமினிசன்ஸ் பம்ப்' என்பார்கள். இசை விஷயத்தில் பீட்டர் ஜனாட்டா என்ற ஆராய்ச்சியாளர் 2009ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே பழைய பிரபலப் பாட்டுகளைப் போட்டுக் காட்டியபோது, சொந்த நினைவோடு ஒட்டிய பாட்டு வரும்போதெல்லாம் நெற்றிக்குப் பின்னால் நடுவில் உள்ள மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது என்று அதில் காட்டினார். அதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். கார்ட்டூன் பாட்டுக்குக் கண் கலங்குவது சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு யாருக்காக, எந்தப் பொம்மையை விற்பதற்காகப் போட்டதாக இருந்தாலும் சரி, அது எங்கள் வீட்டு அறைக்குள் வந்து எங்கள் கதவுச் சத்தத்தோடு சேர்ந்து பதிந்த பிறகு எங்களுடையதாகிவிட்டது.

அப்புறம், கருவிக்கு வருவோம்.

ஒலித் தரம் நடுத்தரம். சத்தம் தாராளமாக வருகிறது, கீழ்ச்சுருதி ஒலி பரவாயில்லை, மேல்பகுதியில் இரைச்சல் உண்டு. இரைச்சலைக் குறைக்கிற டால்பி வசதி இப்போதைய புதுப் பிளேயர்களில் வருவதில்லை, இதிலும் இல்லை. டால்பி போட்டுப் பதிவான கேசட்டை இதில் கேட்டால் சத்தம் கொஞ்சம் கூர்மையாக, இரைச்சல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். குரோம் என்கிற வேறு வகைப் பூச்சு உள்ள கேசட்டுக்கு என்று தனியாக மாற்றிக்கொள்கிற சுவிட்சும் கிடையாது, அதனால் அவையும் கூர்மையாகவே ஒலிக்கின்றன. சாதாரண கேசட்டுகளுக்குப் பிரச்சினை இல்லை, எங்களுடையவை எல்லாம் சாதாரண வகைதான். நீண்டு நிற்கிற குரல் வரும்போதும் புல்லாங்குழல் வரும்போதும் ஒரு மெல்லிய அலைவு தெரிகிறது. தாளமான பாட்டில் தெரியாது, மெதுவான பாட்டில் தெரியும். உட்கார்ந்து கேட்டால் குறைவு, நடந்துகொண்டே கேட்டால் அதிகம். நான் நடக்கும்போது போடுவதை விட்டுவிட்டேன்.

பொத்தான்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. உண்மையான, இயந்திரத்தோடு இணைந்த பொத்தான்கள், அழுத்தினால் எதிர்த்து நின்று பிறகு 'டக்' என்று இறங்கும். ஃபாஸ்ட் ஃபார்வர்ட் இருக்கிறது, ரீவைண்ட் இருக்கிறது, ரெக்கார்ட் இல்லை. ஒரு பக்கத்தை முழுதாக ரீவைண்ட் செய்ய நேரம் எடுக்கிறது, பேட்டரியையும் தின்கிறது. அதனால் சும்மா இருக்கும்போது பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றிக்கொள்கிறேன், அது ஒன்றும் மறக்கவில்லை கைக்கு. மூடிதான் பலவீனமான இடம். பிளாஸ்டிக் கீல் மெல்லியதாக இருக்கிறது, அவசரமாகத் திறந்தால் ஒரு நாள் கையோடு வந்துவிடும் என்று தோன்றுகிறது. ப்ளூடூத்தை ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் தாமதித்துச் சத்தம் வருகிறது. விரலும் காதும் ஒன்றாக இருப்பதுதான் கேசட்டில் சுகம், அதனால் கம்பி ஹெட்போனே போதும்.

பழைய கேசட்டை நேராகப் போட்டுவிடாதீர்கள், இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, நாடா தெரிகிற வாயின் நடுவில், பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கிற கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை, அதிலிருந்து ஒலியைப் படிக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பல வருடம் ஆனால் பசை காய்ந்து விழுந்துவிடும், விழுந்துவிட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். எங்களுடையதில் ஆறு கேசட்டில் அது இல்லை. திருகு போட்ட கேசட்டாக இருந்தால் திறந்து, நாடாவை அப்படியே வேறு ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் பொறுமையாகப் பிளக்க வேண்டும். கம்பளித் துண்டு சரியாக இருந்தால், கேட்பதற்கு முன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை ஓட்டித் திருப்பிக்கொண்டு வாருங்கள், ஒட்டிக் கிடக்கிற சுற்றுகள் தளரும். ஹெட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பழைய கேசட் நாலைந்து போட்டாலே பஞ்சில் பழுப்பாக வரும், அது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள். நான் துடைக்கச் சோம்பல்பட்ட ஒரு நாளில் 'நம்பர் 19' ரோலரில் சுற்றிக்கொண்டது. கருவியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அறுந்து போகவில்லை, ஆனால் ஒரு விரற்கடை அளவு நாடா மடங்கிவிட்டது. அந்த இடத்தில் இப்போது பாட்டு ஒரு கணம் முங்கி எழுகிறது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பி, கணினியில் ஒரு இலவச ஒலிப்பதிவு மென்பொருள், அவ்வளவுதான். 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடமும் ஓடவிட்டே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. நாங்கள் பதிவு செய்த 24 கேசட்டும் முடித்துவிட்டேன். ஏற்றும்போது இரைச்சலை நீக்குகிற வசதியைப் போட்டுப் பார்த்தேன், இரைச்சலோடு சேர்ந்து அக்காவின் கிசுகிசுப்பும் பாதி போய்விட்டது. எடுத்துவிட்டேன். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்.

ஒரே ஒரு வசதிதான் இந்தக் கருவியில் இருந்திருக்கலாம் என்று ஏங்குகிறேன். சோனி 1979 ஜூலை 1ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, கருவியில் உள்ள மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். தனியாகக் கேட்பதற்கென்றே பெயர் வாங்கிய கருவி, பிறக்கும்போது இரண்டு பேருக்காகத்தான் பிறந்தது. பின்னால் வந்த மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். இந்தப் புதுக் கருவியில் ஒரே துளை. அக்கா வருவதாகச் சொன்னதும் ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற கம்பி ஒன்று வாங்கி வைத்தேன்.

போன மாதம் வந்தாள். பெட்டியைத் திறந்ததும் முதலில் கேசட்டைக்கூடத் தொடவில்லை, அட்டைகளைத்தான் எடுத்தாள். பத்திரிகையிலிருந்து நடிகர் படங்களை வெட்டி, கேசட் அட்டையின் அளவுக்கு மடித்து, பின்பக்கம் பாட்டு வரிசையை நீல மையில் அவள் எழுதியவை. ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் 'பாதி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். "நாடா தீர்ந்துபோச்சு அன்னிக்கு, ஞாபகம் இருக்கா? நீ அழுதே," என்றாள். எனக்கு அது ஞாபகம் இல்லை, பாட்டு பாதியில் நிற்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் அழுதது அவள் கணக்கில் இருந்திருக்கிறது.

'நம்பர் 7' முதலில் போட்டோம். சிரிப்பு வருகிற இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திக்கொண்டாள். ரீவைண்ட் செய்யச் சொன்னாள். மறுபடி கேட்டாள். "அம்மா பின்னாடி ஏதோ சொல்றாங்கடா," என்றாள். எனக்கு அத்தனை முறை கேட்டும் அது கேட்டதில்லை. மூன்றாவது முறை போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டிக் கேட்டபோது, பாட்டுக்கும் கதவுக்கும் பின்னால், வேறு அறையிலிருந்து அம்மா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். யாருடைய பெயர் என்று தெரியவில்லை. என் பெயர் என்று அவள் சொல்கிறாள், அவள் பெயர் என்று எனக்குக் கேட்கிறது.

அடுத்து வானொலியில் பதிவு செய்த ஒன்றை எடுத்துப் போட்டோம். கருவி அவள் மடியில் இருந்தது. வானொலியில் பதிவு செய்யும்போது நிறுத்துகிற வேலை எப்போதும் அவளுடையது, பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் வாய் திறப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட வேண்டும், கொஞ்சம் பிந்தினால் 'அடுத்து வரு' என்று பாதிச் சொல் உள்ளே வந்துவிடும். எனக்கு அந்த வேலையை அவள் கொடுத்ததே இல்லை. ஏ பக்கத்தின் இரண்டாவது பாட்டு முடிந்து வாத்தியங்கள் அடங்குகின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கட்டை விரல் நகர்ந்து பொத்தானின் மேல் வந்து நின்றது, கடைசி ஒலி தேய்ந்ததும் அழுத்திவிட்டது. நாடாவில் அன்றைக்கு விழுந்த டக்கும், இப்போது அவள் அழுத்திய டக்கும் ஒன்றாகக் கேட்டன.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "பேசிடுவாரோன்னு பயந்துட்டேன்டா," என்றாள்.

பிளேயரை அவளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு இன்னொன்று சொல்லியிருக்கிறேன், அதே மாடல்தான். திருப்புளி தயாராக இருக்கிறது.